கேட்டாத்தான் சொல்லோணும்

எனக்கு வாய் நீளமுங்க. ஊருக்கே தெரியும். நெருப்பெரிச்சல்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறேன். துணியில ஓட்டை இருந்தா நான் போடற சத்தம் மெயின் ரோட்டுக்குக் கேக்கும். அப்பேர்ப்பட்ட என்னையக் கூப்புட்டு, "ரங்காத்தாக்கா, நீங்க நோயாளியா நடிக்கோணும், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணுமுங்க"ன்னா ஜுபைதா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

ஜுபைதா பக்கத்து ஊட்டுப் பசீர் அகமது பாயோட பொண்ணு. சின்னதுல பாதி நாள் சோறு எங்கூட்டுலதான். கோயமுத்தூர்ல டாக்டருக்குப் படிச்சு முடிச்சிருந்தா. அமெரிக்காவுல வேலை பாக்கோணும்னா இன்னொரு பரீச்சையாம். பேப்பர்ல எழுதறதெல்லாம் முடிச்சுட்டா, இது அமெரிக்காவுக்கே போயிக் குடுக்கற வேற பரீச்சை. ஒடம்புக்கு ஒண்ணுமில்லாத ஆளுக நோயாளியாட்ட வந்து உக்காருவாங்களாம், இவ விசாரிச்சு என்ன நோயின்னு கண்டுபுடிக்கோணுமாம். அப்படி உக்கார்றதுக்குச் சம்பளம் வேறயாம், அட கெரகமே. பாய் கறாரா சொல்லிட்டாரு: "ஒரு தடவை அனுப்பறேன். தவறுச்சுன்னா அமெரிக்காவ மறந்துரோணும்."

ஞாயித்துக்கெழமை கம்பெனி லீவு. செக்கிங் டேபிள் மேல போர்வைய விரிச்சு ஆஸ்பத்திரி ஆக்கிட்டோம். அவகூடப் படிச்ச வேலுமணி தம்பி வருவாரு. போன வருசம் அதே பரீச்சைக்குப் போயி கோட்டை உட்டுட்டு வந்தவரு. எனக்கும், துணி மடிக்கற பொன்னாத்தாளுக்கும் அவருதான் காதுல நோயை ஓதுவாரு. "இத மொதல்லயே சொல்லலாம். மத்ததெல்லாம் கேட்டாத்தான் சொல்லோணும்." ஜுபைதா இங்கிலீசுல ஒருக்கா, தமிழ்ல ஒருக்கா கேப்பா. நாங்க தமிழ்ல சொல்லுவோம்.

எங்க பக்கம் ஒரு வழக்கமுங்க. ஊட்டுக்கு வந்த ஒறம்பரை வாயத் தொறந்து தண்ணி கேட்டாங்கன்னா அந்த ஊட்டுக்கே கேவலம். கேக்கறதுக்கு முன்னாடி சொம்பு கைக்கு வந்துரோணும். நோயும் எங்களுக்கு அப்படித்தான். "என்னங்கம்மா பண்ணுது?"ன்னு அவ ஆரம்பிச்சா போதும். "வவுறு வலிக்குதுங்க, வலப்பக்கமுங்க, எண்ணெய்ப் பலகாரம் தின்னா சாஸ்திங்க, எங்கம்மாளுக்குப் பித்தப்பையில கல்லு இருந்துச்சுங்க"ன்னு மூச்சு உடாம கொட்டிருவேன். பொன்னாத்தா எனக்கும் மேல, நோய்ப் பேரையே சொல்லிப்போட்டா. ஜுபைதா எல்லாத்தையும் டக்கு டக்குனு கண்டுபுடிச்சா. எங்களுக்குப் பெருமை தாங்கல. வேலுமணி தம்பி மட்டும் தலையச் சொறிஞ்சுட்டு நின்னாரு.

அடுத்த வாரம் அவரு ஒச்சாயியக் கூட்டியாந்தாரு. மதுரைப் பக்கத்துக்காரி, பேக்கிங்ல புதுசா சேந்தவ. ஜுபைதாவ முன்னப் பின்னத் தெரியாது. "நெஞ்சு கரிக்குது"ன்னு சொல்லிட்டுக் கம்முனு உக்காந்துட்டா. மிச்சத்தையும் சொல்லுவான்னு ஜுபைதா காத்துட்டு இருந்தா. ஒச்சாயி செவுத்தப் பாத்தா. அப்புறம் என்னமோ ரெண்டு கேள்வி கேட்டு, வாயுத் தொந்தரவுன்னு முடிச்சுட்டா இவ.

"படி ஏறுனா வலி வருதான்னு கேட்டியா? இடது கைக்கு எறங்குதான்னு கேட்டியா?"ன்னாரு வேலுமணி தம்பி. "அது இருதய வலி, ஜுபைதா. நான் தவறுனதும் இப்படித்தான்."

அந்தப் புள்ள மொகம் பொக்குனு போயிருச்சு. "அத்தா இன்னொரு தடவை அனுப்ப மாட்டாருங்கக்கா"ன்னு தேம்புனா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏ ஒச்சாயி, ரெண்டு வார்த்தை சேத்திச் சொன்னா உன்ற வாயில இருந்து முத்து உதுந்துருமா?"ன்னு புடிச்சுட்டேன்.

"அவுக கேக்கலையேக்கா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்"னா அவ.

எனக்குச் சுருக்குனு பட்டுச்சு. நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொம்ப நீட்டி நீட்டி, கேக்கற பழக்கமே அந்தப் புள்ளைக்கு இல்லாமப் பண்ணிட்டோம். அமெரிக்காக்காரன் இவளுக்கு மாமனா மச்சானா, தானா எடுத்து நீட்டறதுக்கு?

அதுல இருந்து வாயில வெத்தலைய அடக்கிட்டுத்தான் நான் நோயாளி ஆனேன். சொல்லோணும் சொல்லோணும்னு நாக்கு துடிக்கும். பொன்னாத்தா முந்தானைய வாயில வெச்சுக்குவா. ஜுபைதா மொதல்ல திணறுனா. போகப்போகத் தோண்டித் தோண்டிக் கேக்க ஆரம்பிச்சா. ஒரு நாள் ஒச்சாயியே, "போதும் தாயி, ஆள விடு"ன்னுட்டா.

ஜுபைதா பரீச்சைக்குக் கெளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை எனக்குத் தலைவலி. வேலுமணி தம்பி ஓதுன தலைவலிதான். ஒண்ணு பாக்கியில்லாம எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டா. அப்பறமும் எந்திரிக்காம, என்ற கையப் புடிச்சு, "வேற ஏதாச்சும் வெசனம் இருக்குதுங்களாம்மா?"ன்னா.

"ஒண்ணுமில்லீங்க டாக்டரு."

நான் நடிச்சதுலயே அதுதான் சுத்தப் பொய். இவ பாசாயிருவான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

ஜுபைதா உடல. ஸ்டூல இன்னும் கிட்ட இழுத்துப் போட்டா. "பரவாயில்லீங்க. சித்த நேரங்கழிச்சே சொல்லுங்க. நான் இருக்கறேன்."

வெத்தலையத் துப்பிப்போட்டு அழுதுட்டேன். "நீ போனா திரும்பி வரமாட்ட கண்ணு. அதுதான் என்ற வெசனம்."

அவளும் அழுதா. வேலுமணி தம்பி மூக்கை உறிஞ்சிட்டு, "இது நான் சொல்லிக் குடுக்காத நோயி. இதையே கண்டுபுடிச்சுட்ட, போயிட்டு வா"ன்னாரு.

ஜுபைதா பாசாயிட்டாளுங்க. அங்கயே ஆஸ்பத்திரியில வேலையும் கெடச்சுப் போயிட்டா. மொத போன் வந்தப்ப பாய் ஊட்டுல இருந்து என்னையக் கூப்புட்டாங்க. "நல்லாருக்கீங்களாக்கா?"ன்னா. நல்லாருக்கறேன்னேன். "சாப்டாச்சுங்களா?" ஆச்சுன்னேன். அதுக்கு மேல பேசுனா அழுதுருவேன்னு கம்முனு நின்னேன். அந்தப் பக்கமும் சத்தமில்ல. லைன் கட்டாயிருச்சாட்ட இருக்குதுன்னு வெக்கப் போனேன்.

"அக்கா, நான் இருக்கறேன்"ன்னா. "சித்த நேரங்கழிச்சே சொல்லுங்க."

சொல்ல ஆரம்பிச்சேனுங்க. பாய் சாப்புட்டுக் கை கழுவிட்டு வந்து பக்கத்துல நின்ன பொறவும் நான் நிறுத்தல.