இடுப்பளவு வித்தியாசம்

சலவை நிலையம் நடத்திவந்த அவளுக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு அரசாங்கம். கணவர் மண்டலத் திட்டக் குழுமத்தில் அதிகாரி. ஊரைச் சுற்றியுள்ள காலி நிலத்தில் எங்கே வீடு, எங்கே சாலை என்று தீர்மானிப்பவர். அண்ணன் நகராட்சித் தலைவர். பழைய ஊரைப் புதுப்பிக்கப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே தேர்தலில் ஜெயித்தவர். இருவருக்கும் வாய் மட்டும் நாலுவழிச் சாலை.

ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு எழும்பியது. அங்கே வந்த மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. சாலை போட்டுவிட்டால் வேன் நேராகப் போய்விடும் என்று நம்பி, இன்னொரு துவைக்கும் இயந்திரமும் வாங்கிப்போட்டாள்.

சாலை வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. மண்டலம் போட்டது வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திய சாலை. நகராட்சி போட்டது வீட்டு வாசல்களுக்குச் சமமான சாலை. ஊர் எல்லையில் இரண்டும் சந்தித்தபோது நடுவே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சுவர் நின்றது.

அன்று அண்ணனும் சாப்பிட வந்திருந்தார்.

"அதெப்படி, ரெண்டு ஆபீஸ்லயும் ஒருத்தர்கூடவா பாக்கல?" என்று கேட்டாள்.

கணவர் வரைபடத்தை விரித்தார். எல்லைவரை ஒவ்வொரு மரமும் சாக்கடை மூடியும் இருந்தன. அதற்கப்பால் வெறும் வெள்ளைத்தாள். "அந்தப் பக்கம் எங்க அதிகாரத்துல வராதும்மா."

அண்ணனும் தன்னுடையதை எடுத்தார். அதில் ஊர் முழுக்க இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம்தான் வெள்ளை.

"மாப்ள, உங்க ரோட்டைக் கொஞ்சம் இறக்குங்க."

"இறக்கிட்டு வெள்ளம் வந்தா நீங்களா வந்து தடுப்பீங்க? உங்க ரோட்டை ஏத்துங்க மச்சான்."

"ஏத்தினா ஜனங்க வாசல்ல குதிச்சுதான் வீட்டுக்குள்ள போகணும். அப்புறம் எனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

கரண்டியோடு நின்றவள் கையை இழுத்துக்கொண்டாள். "இந்தத் தட்டு மண்டலத்துல வருதா, நகராட்சில வருதான்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. அப்புறம் பரிமாறுறேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் பாத்திரத்தை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை இருவரையும் வேனில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, அந்தச் சுவருக்கு ஓட்டிப்போனாள். மேலே மருத்துவமனை ஊழியர் கைவண்டியோடு காத்திருந்தார்.

"தூக்குங்க" என்றாள்.

கணவர் ஒரு மூட்டையைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பேசி முடித்ததும், முதலில் அளந்தது யார் என்று இருவரும் சண்டையை ஆரம்பித்தார்கள். மிச்ச மூட்டைகளை அவளே தூக்கிக் கொடுத்தாள். வேர்த்துக் கொட்டியது. கல்யாணமான நாளிலிருந்து இந்த இருவரையும் பெரிய ஆட்கள் என்று நினைத்துவந்ததை எண்ணி அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு கூட்டுக் குழு அமைத்தார்கள். குழு வெளிநாடு போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு தீர்வு சொன்னது: படிக்கட்டு. வண்டி போகவேண்டிய சாலைக்குப் படிக்கட்டு! பளபளக்கும் கல், இரண்டு பக்கமும் கைப்பிடி. யார் திறப்பது என்று முடிவாகாததால், கத்தரிக்கோலின் ஆளுக்கொரு காதைப் பிடித்து ரிப்பனை வெட்டினார்கள். 'நடப்பவர்களுக்கான நகரம்' என்று அண்ணன் பேசினார். கணவர் கைதட்டினார்.

அவள் விழாவுக்குப் போகவில்லை. அன்றுதான் இயந்திரங்களை லாரியில் ஏற்றி, பாதி நாள் பிடிக்கும் நெடுஞ்சாலை வழியாக ஊரைச் சுற்றிப் புதுக் குடியிருப்புக்குக் கொண்டுபோனாள். அங்கே கீழே சலவைக்கூடம், மேலே வீடு என்று ஒரே கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருந்தாள்.

"ஊருக்குள்ள இருக்கிற ஆபீஸுக்கு நான் எப்படிப் போறது?" என்று கணவர் கத்தினார்.

"படிக்கட்டு கட்டியிருக்கீங்களே. நடங்க."

இப்போது அவர் ஸ்கூட்டரைப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு, தினமும் மாலையில் மூச்சுவாங்க ஏறி வருகிறார். மழைநாளில் அந்தக் கல் வழுக்கும். இருமுறை விழுந்துவிட்டார். அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று மச்சானுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.