எடுத்துக் கொடுக்காத வசனம்

1

“பத்தாவதைத் தாண்டாதவளுக்கு இதைப் பார்த்து வாசிக்க வருமா?” என்று அத்தான் கேட்டார். கேட்டது அக்காவிடம், பார்த்தது என்னை. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

“வாசிக்க வரும். சத்தமாப் பேசத்தான் வராது.”

“அதுதானே வேணும்! முணுமுணுத்தா போதும், எலி மாதிரி.”

அப்படித்தான் அத்தானின் அலுவலக ஆண்டுவிழா நாடகத்தில், மறந்த வசனத்தைத் திரைமறைவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

2

நாடகம் நூறு வருஷத்துக்கு மேல் பழசு, கடல் தாண்டி வந்தது. கடைசியில் மனைவி வீட்டை விட்டுப் போய்விடுவாள். அத்தான் கணவன், அக்கா மனைவி. (வீட்டிலேயே தினமும் ஒத்திகைதான் என்று அலுவலகத்தில் சிரித்தார்களாம்.)

அத்தான் முடிவை மாற்றினார். மனைவி வாசல்வரை போய்த் திரும்பி, “மன்னிச்சிடுங்க, நான் எங்கேயும் போகல” என்பாள்.

“அவ்வளவும் பேசினவ இப்படிச் சொல்வாளா? நான் சொல்லமாட்டேன்.”

“மேனேஜர் குடும்பத்தோட வர்றார். நீ பாட்டுக்குப் போயிட்டா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது?”

தையல் கம்பெனி ஒன்று அக்காவைத் துணி வெட்டும் வேலைக்குக் கூப்பிட்டபோதும் அத்தான் இதே மூஞ்சியைத்தான் காரணம் சொன்னார்.

3

அன்று மாலை அக்கா ஒரு புயலைப் போல

(வேண்டாம். அக்கா நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது.)

அத்தானைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஒத்திகையில் மனைவி கிளம்பும் இடம் வரும்போதெல்லாம் அவர் தாளில் இல்லாத இரண்டு அடியை அவள் பின்னால் எடுத்து வைத்துவிடுவார். அதைப் பார்த்தவள் நான்.

4

வசனம் மறந்தால் காதைத் தொட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

விழாவில் அக்கா அட்டைக் கதவுவரை போய் நின்றாள். காதைத் தொடவில்லை. தொட்டது அத்தான். அவளுக்காக, தன் காதை. பிறகு இழுத்தே பார்த்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

முடிவு ஒன்று: நான் முணுமுணுக்கிறேன், அக்கா சொல்கிறாள், கைதட்டல்.

முடிவு இரண்டு: “போயிடுக்கா!” என்று கத்துகிறேன். (எனக்கேது அவ்வளவு குரல்? நீங்களே நம்பமாட்டீர்கள்.)

நடந்தது: வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். இந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் வீட்டிலும் சொன்னதாகிவிடும் என்று இருவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

5

மனைவி போய்விட்டால் கணவன் என்ன பேசுவான் என்று அத்தான் எழுதியிருக்கவில்லை. அவர் கை இன்னும் காதில்தான். இப்போது கேட்டது தனக்காக. என் தாளில் ஒன்றுமில்லை. உங்களிடம் இருந்தால் எடுத்துக் கொடுங்கள்; அவளைக் கூட்டிவரப் போகிறவன் பேசுவதா, அவளோடு கூடப் போகிறவன் பேசுவதா என்பது உங்கள் பாடு. நான் இங்கேயே காத்திரு

அத்தான் காத்திருக்கவில்லை. காதிலிருந்து கையை எடுத்தார். மேனேஜர் பக்கம் திரும்பாமல், அவள் போன கதவு வழியே போனார்.