பாக்கியிருக்கும் ஒரு வேலை

...ஆகவே ஒரு வேலைக்கு ஒரே ஆள்தான், இரண்டு பெயர் போட்டால் இவர் செய்வார் என்று அவரும் அவர் செய்வார் என்று இவரும் இருந்துவிடுவார்கள், ஆபீசிலும் அப்படித்தான் வீட்டிலும் அப்படித்தான், அதனால் வேலைகளுக்கு ஒரு அட்டவணை, ஆட்களுக்கு ஒரு அட்டவணை, எந்த வேலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு மூன்றாவதாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருக்கிறோமே என்ற எரிச்சல்கூட அடங்கிவிட்டது, அட்டவணைகளை இணைக்கும் கோடுகள் திரையில் ஒன்றோடொன்று சேரும்போது எனக்கு எப்போதும் ஒரு மயக்கம் வரும், நான் போகவே போகாத ஊரின் ரயில் வரைபடத்தைப் பார்ப்பது போல... எங்களுடையது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி, அதில் கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அவசரம். மூத்த மெக்கானிக் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட, அவர் பார்க்க வேண்டியிருந்த புகார்களை யாரும் தொடவில்லை, ஆள் போயாச்சு, வேலை அவர் பேர்ல தொங்குது, லிஃப்ட் மாடிக்கு நடுவுல தொங்குது, நான் உங்களையெல்லாம் நம்பித் தொங்கறேன் என்றார் அவசரம். அதற்காகத்தான் இந்த ஒப்படைப்பு அறிக்கை. ஒருவரிடமிருந்து வேலைகள் வெளியே மட்டும் போய்க்கொண்டிருந்து புதிதாக எதுவும் உள்ளே வரவில்லை என்றால் அவர் பெயர் சிவப்பில் வரும், கடைசி வேலையும் கைமாறியதும் அல்லது முடிந்ததும் 'கடைசி நாள் எது?' என்று அதுவே கேட்கும். சிவப்பு என் யோசனை. சொல்லாம ஓடறவங்களையும் பிடிச்சிடலாம் என்று அவசரம் மேசையைத் தட்டிச் சிரித்தார், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சோதித்துப் பார்க்க ஏதாவது விவரம் வேண்டுமே, ஆபீஸ் விவரத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, கற்பனையாகப் போட்டால் வேலை ஒன்று, ஆள் ஒன்று என்று உப்புச்சப்பில்லாமல் வரும், அதனால்தான் எங்கள் வீட்டைப் போட்டேன். விளையாட்டாகத்தான். ஆட்கள்: நான், என் கணவர். கேஸ் பதிவு செய்வது, முன்பு அவர், இப்போது நான். தண்ணீர் மோட்டார், முன்பு அவர், இப்போது நான். கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம், அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது... மளமளவென்று அடித்துவிட்டு பட்டனைத் தட்டினேன், அவர் பெயர் சிவப்பில் வந்தது. சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன், எங்கேயோ நிபந்தனையைத் தலைகீழாக எழுதியிருக்கிறேன் என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன், நிபந்தனை சரி. அப்படியென்றால் விவரம் தப்பு, யாரோ அடித்த விவரம் இல்லையே, நான் அடித்தது, ஒவ்வொன்றாகப் பார்த்தேன், விவரமும் சரி. மறுபடியும் பட்டனைத் தட்டினேன், மறுபடியும் சிவப்பு.

உனக்கும் தெரிஞ்சிருக்கணும்ல. அதுதான் அவர் வார்த்தை, ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை, அதே மெதுவான குரல். ஃபியூஸ் போடச் சொல்லிக் கொடுத்தபோது, ஸ்கூட்டரின் பின்னால் ஓடிவந்து ஓடிவந்து ஒரு நாள் கையை விட்டபோது... வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது என் பேரில் மட்டும் எழுதச் சொன்னார், உன் கையெழுத்துதான் அழகா இருக்கு என்றார், நான் உச்சி குளிர்ந்து போனேனே, முட்டாள், கையெழுத்துக்காக யாராவது ஒப்பந்தத்தை மாற்றுவார்களா? அக்காவிடம் போனில் பீற்றிக்கொண்டேன், என்னைத் தனியா நிக்கப் பழக்கறார்க்கா, எத்தனை பேர் வீட்டில் இப்படி இருப்பாங்க என்று. அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது, எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டு உன் வீட்டுக்காரர் எங்கடி கிளம்பறார், நிலாவுக்கா என்று கேட்டாள், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவரும் சிரித்தார்... சிரித்தாரா? தலை குனிந்திருந்தது, முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் துணிகள் அலமாரியில் தனித் தட்டுக்குப் போனது அதற்கு முன்பா பின்பா? எங்கே போகிறார்? யாரிடம்? இல்லை, உடம்புக்கு ஏதாவதா, அப்படியென்றால் சொல்லமாட்டாரா... எது மேல் என்று யோசிக்கிறேனே, சீ, என்ன மனசு இது. கேட்டுவிடலாம், அடுத்த அறையில்தான் இருக்கிறார், எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும், ஆனால் என்னவென்று கேட்பது, அட்டவணையில் உங்கள் பெயர் சிவப்பாக வந்திருக்கிறது என்றா?

திரையின் அடியில் ஒரு வரி இருந்தது. பாக்கி: குளியலறைக் குழாய், சொட்டுகிறது. அவர் பேரில், பாதியில். நீரில் விழுந்தவள் வேரைப் பிடிப்பது போல அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன். அதை அவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, வாஷர் வாங்கணும் வாங்கணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், போகிற மனுஷன் குழாயைச் சொட்டவிட்டா போவான்? சொட்டட்டும், மழைக்காலம் முழுக்க சொட்டட்டும், அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன், இப்போது அது காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம். தெருவில் யாரோ ஷட்டரை இழுக்கும் சத்தம். ஃபேனை நிறுத்தினேன். ஒன்றுமில்லை. எப்போதிலிருந்து ஒன்றுமில்லை?

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அறை வாசலில் வந்து நின்றார். "குழாய் சரியாயிடுச்சு, கவனிச்சியா?" என்றார். லேப்டாப் அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை, ஆனாலும் மூடினேன். இந்த ஒரு வரியை முடிந்தது என்று மாற்றினால் 'கடைசி நாள் எது?' என்று அது கேட்கும், நானே எழுதிய கேள்வி, நானே தேர்ந்தெடுத்த எழுத்தில், என்னைப் பார்த்தே கேட்கும்... "இல்லையே, எனக்கு இன்னும் கேக்குதே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. அவர் மறுத்துப் பேசுவார், வா வந்து பாரு என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார் என்று காத்திருந்தேன். அப்படியே நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கேட்டார், நானும் கேட்டேன், வீடு முழுக்க ஒரு பொட்டுச் சத்தமில்லை.

"ஆமா," என்றார். "லேசா கேக்குது."