காலண்டர் தெளிவாக விழுந்த படம்

1

இந்தக் கதை ஒரு லென்ஸில் தொடங்கியது. சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் கூட்டாளி ஜாஸ்பர், "கை ஆடுனாலும் படம் ஆடாத லென்ஸ் எது வே?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த ஒரே லென்ஸ் என் மூக்கில் இருக்கிறது. எழுத்தாளனிடம் எதையும் கேட்கலாம் என்று ஊரில் ஒரு வதந்தி.

(முதலில் 'ஒளியும் நிழலும் கைகோர்த்த அந்தியில்' என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

படம் எடுக்க வேண்டியது அவன் மனைவி ஜெயபாயை. நடுக்குவாதம், கட்டிலோடு சரி. முகம் முகமாக இருக்கும்போதே ஒரு படம் வேண்டும் என்று அவள்தான் கேட்டாள்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்கலாம். ஆனால் சவப்பெட்டியில் கிடத்தியவரைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் கடைசிப் படத்துக்குத்தான் ஜாஸ்பர் வீடுகளுக்குள் ஸ்டாண்டைத் தூக்கிப் போவான். அவளுக்கு அது தெரியும்.

"ஸ்டாண்டு அப்புறம் வரட்டும். இப்பம் கையில புடிச்சு எடுங்க."

எடுத்தான். எல்லாம் கலங்கல். தன் கைக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பெழுதிக்கொண்டான்.

3

இங்கே ஒரு நிபுணர் வரவேண்டும். 'ஒளிக்கலைச் செம்மல்' முத்துக்கிருஷ்ணன் வீட்டுக்கே வருகிறார். பட்டம் அவரே அச்சடித்தது.

"போர்ட்ரெய்ட் என்பது ஆன்மாவின் எக்ஸ்ரே."

"ஆன்மா கெடக்கட்டும். மூக்கு விழுமா?" என்றான் ஜாஸ்பர்.

நிபுணர் இரண்டு லென்ஸ் சொன்னார். ஒன்று வாய் அகன்றது. வெளிச்சத்தை அள்ளும், எதிரில் இருப்பவர் அசைந்தாலும் கண்ணிமைப்பதற்குள் படம் விழும். மற்றது கை நடுக்கத்தை உள்ளுக்குள்ளேயே சரிக்கட்டும். அரையிருட்டிலும் நிதானமாக எடுக்கலாம். ஜாஸ்பர் இரண்டாவதை வாங்கினான். குற்றவாளி கைதானே.

(அடிக்குறிப்பு: முத்துக்கிருஷ்ணனை முழுக் கோமாளியாக்கத் திட்டமிட்டிருந்தேன். போகும்போது ஜெயபாயைப் பார்த்தார். ஃபீஸ் வாங்காமல் போனார். கோமாளிகள் இப்படித்தான் கதையைக் கெடுப்பார்கள்.)

4

புது லென்ஸில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கும் சபைக் காலண்டர், பொடி எழுத்துவரை தெளிவு. முகம் மட்டும் கலங்கல்.

கை ஆடியிருந்தால் காலண்டரும் ஆடியிருக்கும்.

"நடுக்கம் முகத்துக்கும் வந்துட்டு வே," என்றான்.

"அப்ப அந்த வாயகன்ற லென்ஸ வாங்கும்," என்றேன்.

"வாங்குனா, எதுக்குன்னு கேப்பா." கம்ப்யூட்டரை அணைத்தான். "நீரு கதை எழுதுவீருல்லா. என் கைதான்னு எழுதும். அவ படிப்பா."

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மருந்து பலிக்கிறது. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் ஜாஸ்பர் ஸ்டாண்டை விரிக்கிறான், இந்த முறை முகம் துல்லியமாக

வேண்டாம்.

நேற்று ஜெயபாயைப் பார்க்கப் போனேன். படம் மடியில் இருந்தது.

"நல்லா விழுந்திருக்கு அண்ணாச்சி."

"எது?"

"காலண்டரு."

அடுக்களையில் ஜாஸ்பர் காப்பி ஆற்றும் சத்தம். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவுகளுக்கு இன்னும் புரியல. அவுக கைதான்னே எழுதிருங்க. காலண்டரப் பத்தி மட்டும் எழுதிராதிய."

எழுதிவிட்டேன், நான்காம் பகுதியில். அதை எடுத்துவிட்டால் இது கதையில்லை, லென்ஸ் விளம்பரம். விட்டுவைத்தால் இருவரும் படிப்பார்கள்.

பிரதி இப்போது உங்களிடம். காலண்டரை அடித்துவிட்டு அவர்கள் வீட்டில் கொடுப்பதோ, அப்படியே கொடுப்பதோ உங்கள் பாடு. எனக்குக் கை ஓடவில்லை.