காற்றுப் பிரியும் வரை

ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து, இனிச் சொட்டாது என்று தெரிந்த பிறகுதான் பேச்சியம்மாள் அதை மகளின் உதட்டில் வைத்தாள். ஐந்து வயது சந்திரமதி துணியைப் பல்லால் கவ்வி உறிஞ்சப் பார்த்தாள். வெடுக்கென்று பிடுங்க வேண்டியிருந்தது. பெற்றவள் செய்கிற வேலையா இது என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

குடல் முறுக்கிக்கொண்டதென்று வயிற்றைக் கீறித் தைத்திருந்தார்கள். காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறதென்று அர்த்தம். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது என்று நர்ஸ் செல்லப்பாக்கியம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தொடையில் ஊசி குத்தி உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். அடுத்த கட்டில் பையனுக்கு அவன் சித்தி மனம் பொறுக்காமல் ரொட்டியை நனைத்துக் கொடுத்துவிட்டாள். அந்தக் கட்டில் இப்போது காலியாகக் கிடந்தது.

வாசலில் கிருஷ்ணம்மா தெரிந்தாள், புருஷனின் அக்காள். ரெங்கம் ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் வேலை செய்யும் தோட்டத்திலிருந்து லோரி பிடித்து வந்திருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. பேச்சியம்மாளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தம்பி போயிட்டான்டி. காய்ச்ச ஏறி, விடியக்காலையில போயிட்டான். வா, லோரி நிக்குது. சாயங்காலம் எடுத்துருவாங்க."

புருஷன் ஐயாசாமிக்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். இதே வராந்தாவில் நின்று, புள்ளைய விட்டு நகராத என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து, "அம்மா, தண்ணி" என்று குரல் வந்தது.

"அவன் மூஞ்சிய நான் பாத்துட்டேன். புள்ளைக்கு நான் இருக்கேன், நீ போ" என்றாள் கிருஷ்ணம்மா.

பேச்சியம்மாள் அவள் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள்.

"அதுல என்ன மதினி?"

"கஞ்சித்தண்ணி. பக்கத்து லயத்து வீட்டுல வடிச்சு வாங்கியாந்தேன்."

"குடுக்கக் கூடாது மதினி. இன்னும் காத்துப் பிரியல."

"தண்ணி மாரிதான இருக்கு. அப்பனத்தான் வாரிக் குடுத்தாச்சு, புள்ள வயித்தையும் காயப் போடணுமா? ஒரு வாய் நனைச்சா என்ன ஆயிரும்?"

கெட்டவள் இல்லை. சந்திரமதியைத் தோளில் போட்டு வளர்த்தவளே அவள்தான். அழுகிற பிள்ளையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. அதுதான் பேச்சியம்மாளுக்குப் பயமாக இருந்தது. வார்டு முழுக்க ஒரே நர்ஸ். எந்தக் கட்டிலுக்கென்று அவள் காவல் நிற்பாள்?

"நான் வரல மதினி. எடுக்கச் சொல்லிருங்க."

கிருஷ்ணம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தாலி கட்டுனவன்டி. மூஞ்சியக்கூடப் பாக்காம... சனங்க என்ன பேசும்?"

"பேசட்டும்."

"கல்லுடி நீ."

சட்டியோடு படியிறங்கிப் போனாள். லோரி கிளம்பும் சத்தம் கேட்டதும் பேச்சியம்மாளின் கால்கள் தாமாக இரண்டடி முன்னே போய் நின்றன. பிறகு உள்ளே திரும்பினாள்.

"அத்த கஞ்சி கொண்டாந்தாங்களா?" என்று கேட்டாள் சந்திரமதி.

"இல்ல."

பொழுது சாய்ந்தது. இந்நேரம் தூக்கியிருப்பார்கள். அழுதால் பிள்ளை ஏன் என்று கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, வயிற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தாள். உள்ளே எங்கோ களக்கென்றது. கொஞ்சம் கழித்துப் போர்வைக்கடியில் சின்னதாய் ஒரு சத்தம்.

சந்திரமதி வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். "தெரியாம விட்டுட்டேம்மா."

"விடு தாயி. இன்னும் விடு."

செல்லப்பாக்கியம் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தாள்.

"ஒரு கரண்டி ஆறின சுடுதண்ணி மட்டும் குடுங்கோ. சத்தி எடுக்கேல்லையெண்டால் பிறகு இன்னொண்டு. கஞ்சி நாளைக்குப் பாப்பம்."

பிள்ளை விழுங்கியது. இருவரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாந்தி வரவில்லை.

பேச்சியம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

"மிஸ்ஸி, நீங்க செத்த நேரம் இங்கன இருப்பீங்களா? யாரும் எதுவும் குடுத்துராமப் பாத்துக்கங்க. நான் வெளிய போயி அழுதுட்டு வந்துர்றேன்."

"இனி என்னத்துக்கு அழுகை? பிள்ளை தப்பீட்டுதே" என்று சிரித்தபடி செல்லப்பாக்கியம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பேச்சியம்மாள் தலையை ஆட்டிவிட்டு வராந்தாப் பக்கம் நடந்தாள்.