தண்டம் என்பவர் யார்?

1

இந்தக் கதை ஒரு வங்கிக் கடிதத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. கடிதம் எனக்கு வந்ததல்ல. வெளிநாட்டில் கணவரோடு சின்னதாகத் துப்புரவு நிறுவனம் நடத்தும் என் தோழிக்கு வந்தது. "நீதான் எழுதுறவளாச்சே, பதில் எழுதிக் குடு" என்று போனில் படித்துக் காட்டினாள். உங்கள் நிறுவனக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பணம் பெறும் 'தண்டம்' என்பவர் யார்? இரு இயக்குநர்களும் கையெழுத்திட்டு விளக்கம் தரும்வரை கணக்கு முடக்கப்பட்டிருக்கும்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான்கு பேருக்குச் சம்பளம் போட வேண்டும்.

2

"வரி என்பது ஒரு நாட்டில் வாழ்வதற்கு நாம்

(விட்டுவிட்டேன். கட்டுரை வாடை.)

இப்படித் தொடங்கலாம். அவளுடைய அலுவலகம் சாப்பாட்டு மேசையின் ஒரு முனை. மாதக் கடைசியில் வரவில் ஐந்தில் ஒரு பங்கை விற்பனை வரிக்கென்று எடுத்து வேறு கணக்குக்கு அனுப்புவாள். 'விவரம்' என்ற கட்டத்தில் தண்டம் என்று தட்டுவாள்.

(தண்டம்: அபராதம், வீண் செலவு, எதற்கும் உதவாத ஆள். வங்கி நான்காவதாக ஒரு பொருள் கண்டது: மாதச் சம்பளம் வாங்கும் மர்ம மனிதர்.)

3

"வரிக்கு ஒதுக்கின பணம்னு எழுதிட்டாப் போச்சு" என்றேன்.

அவள் இழுத்தாள். "அது கம்பெனி கணக்கு இல்லடி. என் தங்கச்சியோடது."

"ஏன்?"

"இங்க இருந்தா அவருக்குக் கை அரிக்கும்."

முதல் வருடம் கணவருக்கு அரித்தது. வரிப்பணத்தில் ஒரு பழைய வேன் வாங்கினார். வரி தாமதமாகி, அபராதமும் சேர்ந்து கழுத்தை நெரித்தது. அன்றிலிருந்து பணம் தங்கையிடம். அவருக்குத் தெரியாது; நேராக வரி அலுவலகத்துக்குப் போவதாக நினைத்திருக்கிறார். இப்போது விளக்கத்தில் அவரும் கையெழுத்திட வேண்டும்.

"ஏன்னு மட்டும் எழுதாம விட்டுடேன்."

விளக்கம் என்று வங்கி கேட்டிருப்பதே அதைத்தான்.

4

முதல் வரைவில் கணவரை ஊதாரியாக்கினேன். பொய். விடியுமுன் தானே துடைப்பத்தோடு கிளம்புகிறவர். ஆட்கள் மழையில் பேருந்துக்கு நிற்கிறார்களே என்று வேன் வாங்கியவர். இரண்டாம் வரைவில் அவளைச் சந்தேகித்தேன். தண்டம் என்று தட்டும்போது யாரை நினைத்தாள்?

"வரியத்தான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "முதல் மாசம் மட்டும் அவர."

இதைக் கதையில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். சேர்த்துக்கொள், கடிதத்தில் வேண்டாம் என்றாள்.

5

வேறு வழியில்லாமல் காரணத்தை உள்ளபடியே எழுதி அவளுக்கு அனுப்பினேன். அச்செடுத்து, என்னோடு பேசிய போனை வைக்காமலே கடிதத்தைக் கணவரிடம் நீட்டினாள். தாள் சரசரத்தது.

"மூணு வருஷமாவா?"

"ம்."

"உன் தங்கச்சிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

நாற்காலி நகர்ந்தது.

"சரி, தண்டம் எங்க கையெழுத்துப் போடணும்?"

அந்த வரியைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா, நொந்து சொன்னாரா என்று எழுத ஏழு முறை முயன்றேன். 'என்றார்' என்பதற்கு முன்னால் எந்தச் சொல்லைப் போட்டாலும் அது அவருடையதாக இல்லை, என்னுடையதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சம்பளம் போய்ச் சேர்ந்தது. அதுவரைதான் எனக்குத் தெரியும். அவர் கேட்ட அந்தக் கேள்வியை நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அவள் அடுத்து என்ன சொல்லியிருப்பாள் என்பது, இப்போது உங்கள் வாயில் அது எப்படி ஒலித்தது என்பதைப் பொறுத்தது.