சீனியை விட்ட சேர்

'கிவ் அப்' என்றால் என்னென்ன அர்த்தம் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுபோயிற்று. வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில், வெளிநாட்டில் புருஷன் இருக்கிற பெண்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பரீட்சையில் பாஸானால்தான் அவர்களுக்கு விசா.

உதாரணத்துக்கு என் மனிசனைத்தான் இழுப்பேன். அவர் சிகரெட் பத்துவதை விட்டார், கிவ் அப். பஸ்ஸில் யாரோ கிழவிக்கு சீற்றைக் கொடுத்தார், அதுவும் கிவ் அப். டொக்டர் சொன்னதும் சீனியை விட்டார், தெமட்டகொடையில் நடத்திய கடையை விட்டார், எல்லாம் அதேதான். என்னை விட்டுப்போய் இரண்டு வருஷமாகிறது. அதை மட்டும் வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் வெள்ளவத்தை முழுக்கக் கதைக்கும். புருஷனை வைத்திருக்கத் தெரியாதவளிடமா புருஷனிடம் போகப் படிப்பது என்று வேறு வகுப்புக்குப் போய்விடுவார்கள். அந்த வாய்களை எனக்குத் தெரியாதா?

போன ஞாயிறு, கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக் கதவை உஷாந்தி தட்டினாள். மூன்றாம் தரமாகப் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். பாஸானால் படிப்பித்தவர் வீட்டுக்கு இனிப்போடு போவது எங்கள் ஆட்களின் வழக்கம். வீட்டைக் காட்டிக்கொடுத்த பாவி யாரோ!

"சேர் எங்க மிஸ்? அவருக்கெண்டே சீனி போடாமல் பாயாசம் காய்ச்சினனான்."

மூடியைத் திறந்தாள். கஜுவும் பிளம்ஸும் அள்ளிப் போட்டிருந்தாள்.

"வெளியில போயிட்டார்," என்றேன்.

"பரவாயில்ல, வருமட்டும் இருக்கிறன். ஸ்பீக்கிங் டெஸ்ட்டில சேரின்ர கதையைத்தான் சொன்னனான். என்ர அவரும் அப்பிடி இருக்கவேணும் எண்டு நேர்த்தி வச்சிருக்கிறன்."

ஐயோ, அலுத்துப்போயிற்று எனக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நடிப்பு? கதிரையில் தொப்பென்று இருந்தேன்.

"அவர் வரமாட்டார் உஷாந்தி. விட்டிட்டுப் போய் ரெண்டு வருஷம்."

அவள் பாயாசப் பாத்திரத்தை மூடினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப சிகரெட்டை விட்டது?"

"அது உண்மை."

"சீனி?"

"அதுவும்தான்."

அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போனாள். பேணிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இனி ஆருக்குப் பத்தியம்? உங்களுக்கு நல்லா இனிப்புப் போட்டுத் தாறன். சீனி எங்க மிஸ்?"

"வீட்டில சீனி வாங்கிறேல்ல பிள்ளை," என்றேன். "அவருக்குக் கூடாது."